வெயில் கொளுத்தும் நாளிலேயே இடியுடன் மழையும் என்று வானிலை மையம் சொல்வது எப்படி?

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், கரூர், ஈரோடு போன்ற தமிழக உள்மாவட்டங்களுக்கு 40 டிகிரி செல்சியசை ஒட்டிய வெயிலும் மாலையில் இடிமழையும் சேர்த்தே முன்னறிவிக்கப்படுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் மழைக்கு வித்திடுவதே அந்த வெயில்தான். நண்பகலுக்குள் சூடேறிய தரையை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழ, வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உள்நாட்டில் மேற்குத் திசைக் காற்றைச் சந்திக்கும் பகுதியில் அதற்கு மேலும் உந்துதல் கிடைத்து, பிற்பகலில் இடிமேகங்கள் விறுவிறுவென வளர்கின்றன. மலைச்சரிவுகளும் காற்றை மேலே தள்ளுவதால் ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் வாய்ப்பு கூடுதல்.

இம்மேகங்கள் சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை என்பதால், பேருந்து நிலையத்தில் கொட்டித் தீர்க்கும் மழை அடுத்த ஊரில் புழுதிக்காற்றோடு நின்றுவிடும். அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பது, அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்பதையே குறிக்கிறது. ஆகவே உங்கள் தெரு நனையாததால் கணிப்பு பொய்த்தது என்று சொல்வது நியாயமாகாது.

சென்னையின் கதை வேறு. அங்கே நண்பகல் வாக்கில் கடற்காற்று நுழைந்துவிட்டால் வெப்பம் அடங்கும். மேற்குக் காற்று வலுத்து அதைத் தாமதப்படுத்தும் நாள்களில் கரையோரமும் 40 டிகிரியைத் தொட்டுவிடும்.