கீ பார்க்கும் மென்பொருளுக்கு 350 வெள்ளியா?

கேள்வி: கல்யாண விருந்துகளுக்கு டிஜே செய்கிறேன். டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான மின்னிசை டிராக்கோடு தமிழ்ப் பாட்டைச் சேர்த்தால் பேஸ் (அடித்தள ஒலி) அபஸ்வரமாகக் கேட்கிறது. பாட்டின் கீயை, அதாவது சுருதியையும் ஸ்கேலையும், கண்டுபிடிக்கும் மென்பொருளை 350 வெள்ளிக்குத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், தம்பி. ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே கீயும் பி.பி.எம்மும் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்) வந்துவிடும். மூன்று எக்ஸ் போட்டு எழுதும் மிக்ஸ் (Mixxx) என்ற மென்பொருள் முழுக்க இலவசம்.

முதலில் வேகத்தைப் பாருங்கள். டிரம் அண்ட் பேஸ் பெரும்பாலும் 170 முதல் 176 பி.பி.எம். வரை, 174 மிகச் சாதாரணம். மென்பொருள் சில சமயம் இதைப் பாதியாக, 87 என்று காட்டும். பயப்பட வேண்டாம், அந்தப் பாதிக் கணக்குதான் உங்களுக்குக் கைகொடுக்கும்: 87-ல் ஓடும் தமிழ்ப் பாட்டு 174-இல் அப்படியே உட்காரும். பாட்டு 90 என்றால் அதை 88-க்கு இறக்கி, டிராக்கை 176-க்கு ஏற்றுங்கள். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்துவைக்கும் கீ லாக் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு மாறும்போது சுருதி அரை ஸ்வரம் நகர்ந்துவிடும். அதற்காகக் கீ லாக்கை நம்பி 10 விழுக்காடு இழுத்தால் ஸ்னேர் டிரம் அடி மழுங்கிப்போகும்.

கீயை 8ஏ, 8பி என்று எண்ணால் குறிக்கும் முறை சுலபம். 8ஏ டிராக்குக்கு 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி ஆகியவை ஒத்துப்போகும். 8ஏ என்பது ஏ மைனர், 8பி சி மேஜர். உங்கள் சிக்கல் தமிழ்ப் பாட்டில் இருக்கலாம். இந்த எண்களுக்கு மேஜர், மைனர் தவிர வேறொன்றும் தெரியாது, ராகம் தெரியாது. மாயாமாளவகௌளைப் பாட்டுக்கு சி மேஜர் என்று திரையில் வந்தால் நம்பாதீர்கள். பாட்டில் இருப்பது சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும்; சி மேஜர் பேஸில் வருவது அவற்றைவிட அரை ஸ்வரம் உயர்ந்த சதுஸ்ருதி. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் அரை ஸ்வரத்தில் உரசும். 350 வெள்ளி மென்பொருளும் இதையே காட்டும். இப்படிப்பட்ட பாட்டை டிரம் மட்டும் ஓடும் முன்பகுதியில் நுழையவிடுங்கள். 174-ல் 16 பார் (ஒரு பார் நான்கு அடி) என்பது 22 வினாடி, போதும். உள்ளே வரும் பாட்டின் லோ குமிழை (பேஸைக் கூட்டிக் குறைப்பது) முழுக்க இறக்கி வையுங்கள். 17-ஆவது பாரின் முதல் அடியில் ஓடிக்கொண்டிருந்த டிராக்கின் லோவை இறக்கி, உள்ளே வந்த பாட்டின் லோவை ஏற்றுங்கள். கீ பொருந்தினாலும் இரண்டு பேஸை ஒன்றாக ஓடவிடாதீர்கள்.

கேள்வி: மகனுக்குப் பழைய டிடிஜே-400 டிஜே கண்ட்ரோலர் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கப்போகிறேன். எதைப் பார்ப்பது?
– வாசகி, அதே ஊர்

பதில்: பாட்டின் வேகத்தை மாற்ற இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் டெம்போ ஸ்லைடரைத்தான், அம்மா. மகனின் லேப்டாப்பில் மாட்டி, ஸ்லைடரை மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். திரையில் எண் சீராக மாற வேண்டும். தாவினால் உள்ளே தூசி அல்லது தேய்மானம். கையை எடுத்த பிறகும் எண் ஆடினால் வாங்கவே வேண்டாம். 174 வர வேண்டிய இடத்தில் 174.3 நின்றால், மேலே சொன்ன 16 பார், அதாவது 22 வினாடிக்குள் கிட்டத்தட்ட 40 மில்லி வினாடி விலகி, கிக் டிரம் இரட்டையாக அடிக்கும். மகன் தன் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான்.

தனியாளிடம் வாங்கிய பொருளுக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் போக முடியாது. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். அதனால் பணத்தைக் கொடுக்குமுன் இரண்டு ஸ்லைடரையும் சோதித்துவிடுங்கள்.