கேள்வி–பதில்: ஊருக்கு ஹால் கட்டியவரைக் கப்பலேற்றிய கதை

(திண்டுக்கல் வாசகி ஒருவர் ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். மூன்றும் ஒரே விஷயம் என்பதால் இந்த வாரம் முழுக்க அவருக்கே.)

கேள்வி: என் மகள் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். லீட்ரிம் என்ற பகுதியில் காரில் போகும்போது ஒரு நினைவுச் சின்னத்தைப் பார்த்தாளாம். ஊருக்கு ஒரு ஹால் கட்டியதால் ஒருவரை அவருடைய சொந்த நாட்டு அரசாங்கமே நாடு கடத்திவிட்டது என்கிறாள். நிஜமா?

நிஜம்தான் அம்மா. அவர் பெயர் ஜிம்மி கிரால்டன். ஊர் எஃப்ரினா. 1886-ல் சின்ன விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா போய், அங்கே குடியுரிமையும் வாங்கியவர். 1921-ல், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்த சமயத்தில், ஊருக்குத் திரும்பினார். அந்த வட்டாரத்தில் மக்கள் கூடுவதற்கென்று இருந்த ஹாலை ஆங்கிலேயர்களின் 'பிளாக் அண்ட் டான்ஸ்' படை எரித்துவிட்டிருந்தது. புதிதாக ஒன்று கட்டலாம் என்று ஊர்க்காரர்களைச் சேர்த்தார். இடம் அவருடைய அப்பா அம்மாவின் நிலம். வேலை செய்தது ஊர் மக்கள்.

நான் முப்பது வருடம் கிராம நூலகங்களில் வேலை பார்த்தவன். நூலகத்துக்கு அரை சென்ட் இடம் கேட்டு எத்தனை வீட்டு வாசலில் நின்றிருப்பேன்! அதனால் இந்தக் கதையில் என் மனசு முதலில் போய் நிற்பது அந்தத் தாய் தகப்பனிடம்தான். லீட்ரிம் ஏழை மாவட்டம். ஈரக் களிமண், விளைச்சல் குறைவு. அந்த நிலத்தில் ஒரு துண்டை ஊருக்கு விடுவது சின்ன விஷயமில்லை.

1921 டிசம்பர் 31 அன்று ஹால் திறந்தது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்குப் பிறகு சுட்டுக் கொல்லப்பட்ட அதன் தலைவர்கள் பியர்ஸ், கானலி இருவரின் பெயரையும் சேர்த்து 'பியர்ஸ்–கானலி ஹால்' என்று வைத்தார்கள். வேளாண்மை, கணக்கு, ஆங்கிலம், இசை என்று வகுப்புகள் நடந்தன. வார இறுதியில் நடனம். இதோடு நின்றிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். ஆனால் நிலத் தகராறுகளையும் அந்த ஹாலில் உட்கார்ந்தே பேசித் தீர்த்தார்கள். வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரர்களை மறுபடி அவர்கள் நிலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பெரிய நிலக்காரர்களுக்குப் பொறுக்குமா? 1922-ல் புதிய அயர்லாந்து அரசின் படையே அவரைத் தேடி வந்தது. கிரால்டன் மறுபடியும் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதாயிற்று.

பத்து வருடம் கழித்து, 1932-ல், அண்ணன் தம்பிகளில் ஒருவர் இறந்துவிட, பண்ணையைப் பார்த்துக்கொள்ள வந்தார். அப்போது, 1922-ல் அமைந்த அரசை எதிர்த்து நின்ற தலைவர் டி வலேரா புதிதாக ஆட்சிக்கு வந்திருந்தார். இனி நிலைமை மாறும் என்று நம்பிக்கை. பூட்டிக் கிடந்த ஹாலைத் திறந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் அல்லவா, புது நடனங்களும் கூடவே வந்தன. தேவாலயத்தில் பங்குத் தந்தை எதிர்த்துப் பேசினார். கிரால்டன் கம்யூனிஸ்ட் என்பதும் சேர்ந்துகொண்டது. நவம்பரில், உள்ளே ஆட்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஹாலை நோக்கிச் சுட்டார்கள். டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், எரித்தே விட்டார்கள்.

ஒரே ஊர், ஒரே தேவைக்கு இரண்டு ஹால். முதல் ஹாலை எரித்தது அந்நியன் என்று சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். இரண்டாவதை என்ன சொல்வது?

1933 பிப்ரவரியில், 'விரும்பத்தகாத அந்நியர்' என்று நாடு கடத்தும் உத்தரவு வந்தது. அமெரிக்கக் குடியுரிமை இருந்ததால் பிறந்த மண்ணிலேயே அந்நியராகிவிட்டார். நீதிமன்ற விசாரணை எதுவும் கிடையாது. ஏறத்தாழ ஆறு மாதம் அக்கம்பக்கத்து வீடுகளில் ஒளிந்திருந்தார். ஆகஸ்டில் பிடித்துக் கப்பலேற்றினார்கள்.

கேள்வி: ஒரு நடன ஹாலுக்குப் போய் இத்தனை கோபமா? அங்கே நடனம் என்ன அவ்வளவு பெரிய குற்றமா?

அந்தக் காலத்தில் ஆமாம். 1925-லேயே நடனத்தின் தீமைகளைப் பற்றி ஆயர்கள் எல்லாரும் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டு, அதைத் தேவாலயங்களில் வாசிக்கச் செய்தார்கள். கிரால்டனை அனுப்பிய சில மாதத்தில், 1934 புத்தாண்டு அன்று, அதே லீட்ரிம் மாவட்டத்தில் மோஹில் என்ற ஊரில் ஜாஸ் இசைக்கு எதிராக ஒரு பெரிய ஊர்வலமே நடந்தது. அப்புறம் 1935-ல் சட்டம் வந்தது. பொது நடனம் நடத்த மாவட்ட நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். அதுவரை வீட்டு அடுப்படியிலும் நாற்சந்தியிலும் ஒரு ஃபிடில்காரரை வைத்து ஆடிக்கொண்டிருந்த கிராமத்து மக்களை இந்தச் சட்டம் ரொம்பவே அடித்தது. ஆட்டம் மெல்ல மெல்ல உரிமம் உள்ள ஹால்களுக்குப் போனது. அவற்றில் நிறைய, பங்குத் தேவாலயங்களே நடத்தியவை.

ஆனால் எஃப்ரினாவில் எரிந்ததற்கு நடனம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. பாதிரியாரிடமும் இல்லை, நிலக்காரரிடமும் இல்லை. ஊரார் தாங்களே கூடி, தாங்களே பாடம் நடத்தி, தங்கள் வழக்கைத் தாங்களே பேசிக்கொண்டார்கள். நடனம் என்று சொன்னால் எதிர்ப்பதற்குச் சுலபம். குத்தகைக்காரனுக்கு நிலம் கிடைக்கக் கூடாது என்று பிரசங்கத்தில் நேரடியாகச் சொல்ல முடியுமா?

கேள்வி: அவர் திரும்பி வந்தாரா? ஹால் இப்போது இருக்கிறதா?

வரவில்லை. நியூயார்க்கிலேயே 1945 டிசம்பரில் இறந்துபோனார். பிராங்க்ஸ் பகுதியில் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஹாலும் இல்லை. 2016 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் எஃப்ரினாவுக்கே வந்து கிரால்டனின் நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்து, நாடு கடத்தியது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். எண்பத்து மூன்று வருடம் கழித்து வந்த மன்னிப்பு. உங்கள் மகள் பார்த்தது அந்தச் சின்னமாகத்தான் இருக்க வேண்டும்.

அவளிடம் எனக்காக ஒரு காரியம் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் காரை நிறுத்தி, அங்கே வயதான யாராவது இருந்தால் பேச்சுக் கொடுக்கட்டும். அந்த ஆறு மாதம் கிரால்டன் யார் யார் வீட்டில் சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்று அவர்கள் தாத்தா பாட்டி சொன்னது ஏதாவது நினைவிருக்கும். கேட்டு வந்து எழுதச் சொல்லுங்கள். இந்தப் பகுதியிலேயே போடுகிறேன்.