தராசைப் பார்க்காத அம்மா

கேள்வி: எனக்கு 26 வயது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எட்டு மாதமாகக் கங்காணியாக இருக்கிறேன். உயர்தரம் படித்தவள் என்று என்னை நம்பி, தோட்டத்தை நடத்தும் துரை 22 பெண்கள் உள்ள கேங்கைக் கொடுத்தார். என் அம்மாவும் அதில்தான் கொழுந்து எடுக்கிறார். காலையில் ஆள் கூடும் பெரட்டுக்கு வந்ததிலிருந்து வேலை விடும்வரை இவர்களுக்கு முணுமுணுப்புத்தான். மழை என்பார்கள், மலை முத்திப்போச்சு என்பார்கள், குளவிக்கூடு இருக்கு என்பார்கள், நிரை சரியில்லை என்பார்கள். தராசைக் குறை சொல்லாத நாளே இல்லை. இத்தனைக்கும் பைக்கும் தண்ணிக்கும் வழக்கமான 2 கிலோவைத்தான் கழிக்கிறோம். நான் தராசைப் பார்த்துக் கழித்துச் சொல்வேன், கணக்கப்பிள்ளை ஐயா எழுதுவார். எல்லோரும் தராசையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா மட்டும் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு மலைப்பக்கம் திரும்பிக்கொள்வார், ஒரு வார்த்தை பேசமாட்டார். பயிற்சி வகுப்பொன்றில் சொல்லித்தந்தபடி பெரட்டில் கைதட்ட வைத்து, நல்ல வார்த்தைகள் சொல்ல வைத்துப் பார்த்தேன். சிரிக்கிறார்கள். அதிலும் ஓர் அக்கா வாயைத் திறந்தால் அன்றைக்குக் கேங் முழுதும் கெட்டுவிடும். இவர்களுடைய நெகட்டிவ் புத்தியை மாற்றுவது எப்படி?

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: தங்கச்சி, முணுமுணுக்கிறவர்களைப் பிறகு பார்ப்போம். முணுமுணுக்காத உங்கள் அம்மாவைப் பற்றி முதலில் பேச வேண்டும். நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே கூடை சுமந்திருக்கக்கூடிய ஒருவர், தன்னுடைய கொழுந்தை நிறுக்கும்போது ஏன் தராசைப் பார்ப்பதில்லை? இதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அம்மா ஒருவராவது குறை சொல்லாமல் இருக்கிறாரே என்ற திருப்தி அந்த வரியில் தெரிகிறது. எனக்கு அது வலித்தது.

பழகிய கொழுந்துக்காரிக்குத் தராசு தேவையில்லை. பையைத் தூக்கும்போதே எட்டா, ஒன்பதா என்று தோள் சொல்லிவிடும். உங்கள் அம்மாவுக்கும் தெரியும். தராசு காட்டுவது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று. பார்த்தால் பேச வேண்டிவரும். பேசினால் கணக்கப்பிள்ளைக்கும் இருபத்தொரு பெண்களுக்கும் முன்னால் பெற்ற மகளைத் தலைகுனிய வைக்க வேண்டிவரும். அதனால் திரும்பிக்கொள்கிறார். உங்கள் மானத்துக்காக ஒரு நாளைக்கு மூன்று முறை தன் கூலியை விட்டுக்கொடுக்கிறார். உயர்தரம் படித்ததை எழுதினீர்கள். அந்தப் படிப்புக்கான காசும் இதே தராசில் நிறுத்து வந்ததுதானே?

"வழக்கமான 2 கிலோ" என்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். உங்கள் தோட்டத்தில் பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வயதான ஒரு பெண் காலையில் 7, மத்தியானம் 8, பின்னேரம் 7 என்று 22 கிலோ எடுக்கிறார். மூன்று நிறுவையிலும் 2 கிலோ கழித்தால் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஏறுவது 16. அவருக்குப் பேர் இல்லை. இளம் பெண்ணொருத்தி 30 கிலோ எடுத்தால் 24 எழுதப்படும். அவளுக்குப் பேரும் உண்டு, மேலதிகக் கிலோவுக்குக் காசும் உண்டு. ஒரே கழிவுதான், ஆனால் 7 கிலோவில் 2 கிலோ கால் பங்குக்கும் மேல், 11 கிலோவில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வயசாளிகளின் கூலியைத்தான் இந்த வழக்கம் முதலில் தின்கிறது. பேர் விழாத நாளில் சம்பளம் குறைவதோடு முடியாது. சம்பளத்தைப் பார்த்துத்தான் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப்.க்குப் போகின்றன, ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்.க்கு 3 வீதம் போகிறது. வேலையை விட்டு நிற்கும் காலத்துக் காசும் சேர்ந்துதான் தேய்கிறது.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். 22 பேர், மூன்று நிறுவை, 2 கிலோ வீதம் ஒரு நாளைக்கு 132 கிலோ. வெறும் பை அரைக் கிலோ என்றே வைத்தாலும், வெயில் நாளில் நியாயமான கழிவு 33 கிலோதான். மிச்சம் 99 கிலோ கொழுந்து யாருடைய பேரிலும் இல்லாமல் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் போகிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். அப்படியானால் ஒரு நாளைக்கு 22 கிலோ தேயிலைத் தூளைக் கூலியில்லாமல் எடுத்துக் கொடுக்கிறது உங்கள் கேங். அவர்கள் தராசை முறைக்காமல் வேறெதை முறைப்பார்கள்? 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் பேருக்குக் கேட்கும் கிலோவும் கூடியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கியதை அவர்கள் மறக்கவில்லை. அதன்பின் 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோதும் "கிலோவ எவ்வளவு கூட்டப் போறாங்களோ" என்று கேட்டிருப்பார்கள். அதை நெகட்டிவ் புத்தி என்று நான் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமையே ஆரம்பியுங்கள். பெரட்டு முடிந்து மலைக்குப் போகுமுன் வெறும் பைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தராசில் மாட்டி எடையைப் பெயர்வாரியாக எழுதுங்கள். மழை நாளில் நனைந்த வெறும் பையையும் அப்படியே நிறுத்து எழுதுங்கள். பைக்கு அந்த எடையைக் கழியுங்கள், அதற்கு மேல் 100 கிராம்கூட வேண்டாம்.

தண்ணீர்க் கழிவுதான் சிக்கலானது. மழையில் எடுத்த கொழுந்தில் தண்ணீர் இருப்பது உண்மை, அதற்குக் கழிப்பதும் நியாயம். ஆனால் எவ்வளவு என்று பார்த்துக் கழிக்க வேண்டும். முதலில் பைகளைக் கம்பில் சில நிமிடம் தொங்கவிடுங்கள், வலைப் பையென்றால் ஒழுகுகிற தண்ணீர் ஒழுகிவிடும். பிறகு ஒரு பையிலிருந்து சரியாக 5 கிலோ ஈரக் கொழுந்தை எடுத்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குள் காய்ந்த படங்கொன்றில் மெல்லிசாகப் பரத்துங்கள். இடையில் ஒரு தடவை கையால் உதறிவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி நிறுங்கள். 4.6 கிலோ வந்தால் தண்ணீர் 8 வீதம். அன்றைய நிறுவையில் எல்லோருக்கும் அந்த வீதத்தைக் கழியுங்கள். 7 கிலோக்காரிக்குச் சிறிதாகவும் 11 கிலோக்காரிக்குப் பெரிதாகவும் அதுவே போய்ச் சேரும். அரை மணிக்கு மேல் விடாதீர்கள். இலை தானே வாடத் தொடங்கிவிடும், அதன் சொந்த ஈரத்தையும் மழைத் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். குவியலாகவும் போட வேண்டாம், சூடேறிச் சிவந்துவிடும். மழை பெய்யாத, பனியும் காய்ந்துவிட்ட நேரத்து நிறுவைக்குத் தண்ணீர்க் கழிவே கிடையாது.

தராசையும் சோதியுங்கள். கொக்கியில் ஒன்றும் இல்லாதபோது பூச்சியம் காட்ட வேண்டும். கடையில் வாங்கிய, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பையை மாட்டிப் பாருங்கள். கணிசமாகக் குறைத்துக் காட்டினால் ஆபிஸில் சொல்லி, அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை தராசில் இருக்கிறதா, எந்த ஆண்டுக்குரியது என்று கேளுங்கள். நிறுக்கும்போது பை நிலத்திலோ ஆளின் காலிலோ முட்டக்கூடாது, யாருடைய கையும் படக்கூடாது. எண் தெரிகிற பக்கம் பெண்களைப் பார்த்து இருக்கட்டும். 8.700 என்றால் 8.700 என்றே வாசியுங்கள். கிராமை வெட்டி 8 என்று எழுதுவதும் எடுத்துக்கொள்வதுதான்.

இதை ஒரு வாரம் ஒரு தாளில் எழுதுங்கள்: நாள், மழையா வெயிலா, மொத்த எடை, பை எடை, தண்ணீர் வீதம், உண்மையில் வரவேண்டிய எடை, செக்ரோலில் எழுதிய எடை. ஸ்டோரிலும் கொழுந்தை நிறுத்துத்தான் எடுக்கிறார்கள். வெயில் நாட்களில் ஸ்டோர் எடை உங்கள் மலைக்கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால், கழிவு அளவுக்கு மிஞ்சியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தாளை எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். பெண்களுக்கு முன்னால் அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். அவரும் மேலிடத்துச் சொல்லுக்கு எழுதுகிறவராக இருக்கலாம். பிறகு அவரோடு சேர்ந்தே சின்ன துரையிடம் போங்கள். "இந்தக் கழிவை நிறுத்தினால் கொழுந்து குறையாது, தரம்தான் கூடும்" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. 2 கிலோ போகுமென்று தெரிந்தவள் அதை ஈடுகட்ட முத்தின இலையையும் காம்பையும் சேர்த்துப் போடுவாள், பையை அமுக்கி அடைப்பாள். ஸ்டோரில் கொழுந்து சிவந்து இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளவிக்கூட்டை முணுமுணுப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. குளவி கொட்டி இறந்தவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். குளவிக்கூடு இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அந்த நிமிடமே எந்த நம்பர் மலை, எந்த நிரை, எந்த மரம் என்று கேட்டு எழுதி ஆபிஸுக்கு அறிவிக்க வேண்டும். தூரத்திலேயே சிவப்புத் துணி கட்டி, கூட்டை அகற்றும்வரை அந்தப் பக்கம் ஒருவரையும் அனுப்பக் கூடாது. இது உங்கள் கடமை, விட்டுப்போனால் ஒரு வீட்டில் பிள்ளைகள் தாயில்லாமல் நிற்கும். "மலை முத்திப்போச்சு" என்பதும் தகவல்தான். அதே மலைக்கு மறுபடி கொழுந்தெடுக்க ஏழு, எட்டு நாளில் வரவேண்டிய றவுண்ட் பன்னிரண்டு நாளானால் இலை முத்தும். அதை உங்களுக்கு முன்பே அவர்களுடைய விரல் கண்டுபிடிக்கிறது. எத்தனையாவது நாள் என்று பார்த்து மேலே சொல்லுங்கள். நிரையைச் சுற்று முறையில் கொடுங்கள். இன்று பள்ளத்தில் நின்றவளுக்கு நாளை ரோட்டோரம்.

கைதட்டலை நிறுத்திவிடுங்கள். பெற்ற பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டைக் கட்டிவைத்துவிட்டு, மழையில் பெரட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணைக் கைதட்டச் சொல்வது மரியாதை இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் இன்றைக்கு எந்த மலை, யாருக்கு எந்த நிரை, நேற்றுச் சொன்ன குறைக்கு என்ன ஆனது என்ற மூன்றையும் சொல்லுங்கள். முடியாத காரியமென்றால் "கேட்டேன், முடியாது என்றார்கள்" என்றே சொல்லுங்கள். பாராட்டுவதானால் ஆளைப் பார்த்து, வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள்: "மாமி, நேத்து ஒங்க நிரையில செடியெல்லாம் ஒரே மட்டமா இருந்திச்சு." உற்சாகம் வருகிற வழி அதுதான்.

அந்த அக்கா மற்றவர்களின் வீட்டு விஷயங்களை மலைக்கு இழுத்து வந்தால் அது வேறு. தனியாகக் கூப்பிட்டு, எந்த நாளில் எந்தப் பேச்சு என்று சொல்லிக் கண்டியுங்கள். தராசைப் பற்றித்தான் பேசுகிறார் என்றால் அவரையே நிறுவைக்குச் சாட்சியாக நிறுத்துங்கள். நீங்கள் வாசிக்கிற எண்ணை அவரும் உரக்கச் சொல்லட்டும், பிறகு ஐயா எழுதட்டும். குறையை முதலில் காண்கிற கண் அந்த இடத்தில் பயன்படும்.

அம்மாவிடம் வீட்டில் பேசுங்கள், மலையில் வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கள். "ஆபிஸ் சொன்னதைத்தான் செய்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். பெற்றவளுக்குப் பிள்ளை செய்கிற கடமையில் அவளுடைய உழைப்பை எழுதிய எழுத்தில் நேர்மையாக இருப்பதும் அடக்கம் என்பது என் எண்ணம், அதில் விட்டுக்கொடுக்க எனக்கு ஒன்றுமில்லை. மற்ற இருபத்தொரு பேரும் யாரோ ஒருவரின் அம்மாக்கள்தான்.

ஆபிஸ் மறுத்தால் தாளின் ஒரு பிரதியைத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள், அவரும் அசையவில்லையென்றால் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்கு எழுதுங்கள். அதுவரை நிறுவையில் கழித்த எண்ணை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். தராசு காட்டுவதை மட்டும் வாசியுங்கள். கழிப்பதானால் எழுதுகிறவரே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக் கழிக்கட்டும். இதனால் கங்காணி வேலை போய்விடுமோ என்று பயப்படுவீர்கள், போகவும் கூடும். ஆகவே தாளின் மூலப் பிரதியை ஆபிஸில் கொடுத்துவிடாமல் வீட்டில் வைத்திருங்கள். ஒவ்வொரு நாளின் கணக்குக்கும் கீழே சாட்சியாக நின்றவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.