கரண்ட் டவர் வருதுன்னா எதைக் கேக்கணும்?

கேள்வி: எங்க வீட்டை ஒட்டி 400 கே.வி. (அதாவது நாலு லட்சம் வோல்ட்) கரண்ட் லைன் போகப்போகுதுன்னு அளவெடுத்துட்டுப் போயிருக்காங்க. கேன்சர் வரும்னு ஊர்ல சொல்றாங்க, எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கும்னு லைன் போடுறவங்க சொல்றாங்க. யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பக்கமும் பாதிதான் சொல்றாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2002ல, கரண்ட் லைன்ல இருந்து வர்ற காந்தப்புலத்தை "புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்"ங்கிற 2பி வகையில சேத்துது. காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாங்கிற அலகுல அளப்பாங்க, சராசரி 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல இருந்த வீடுகள்ல குழந்தைங்களுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதலா தெரிஞ்சதுதான் காரணம், ஆனா லைனாலதான் வந்துச்சுன்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, எப்படி வரவைக்கும்னும் யாரும் காட்டல. அதனால வரும்னு அடிச்சுச் சொல்றதும் தப்பு, வராதுன்னு அடிச்சுச் சொல்றதும் தப்பு.

அப்புறம் அந்த லிமிட். சர்வதேச அளவுல 2010ல பொதுமக்களுக்குன்னு சொன்னது 200 மைக்ரோடெஸ்லா. அது நரம்புல உடனே ஏற்படுற பாதிப்பைத் தடுக்க வெச்ச அளவு, வருஷக்கணக்கா பக்கத்துல குடியிருக்கிறதை வெச்சுப் போட்டது இல்ல. இதை யாருமே கூட்டத்துல எடுத்துச் சொல்றதில்ல, எனக்கு அதுலதான் வருத்தம். நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான், லைன்ல ஃபுல் லோடு ஓடுறப்ப என் வீட்டுச் சுவர்கிட்ட எவ்வளவு மைக்ரோடெஸ்லா வரும்? காந்தப்புலம் வோல்டேஜைப் பொறுத்தது இல்ல, ஓடுற கரண்ட்டைப் பொறுத்தது, அதனால லோடு கம்மியா இருக்கிற நேரம் மீட்டரை வெச்சுக் காட்டினா அதை ஏத்துக்காதீங்க.

இருட்டுல லைனுக்குக் கீழ ட்யூப் லைட்டைப் பிடிச்சா மங்கலா எரியும்னு வீடியோ வரும், அது நிஜந்தான், ஆனா அது மின்புலம், வீட்டுச் சுவரே பெரும்பாலும் தடுத்துடும். காந்தப்புலத்தை சுவர் தடுக்காது, தூரந்தான் குறைக்கும்.

கேள்வி: பூமிக்கு அடியில கேபிளா போட்டா பிரச்சனை தீருமே?

பதில்: கொஞ்சம் தீரும், கொஞ்சம் இடம் மாறும். கேபிளுக்கு நேர் மேல காந்தப்புலம், தலைக்கு மேல போற லைனை விட அதிகமாவே இருக்கலாம், ஆனா ரெண்டு பக்கமும் சட்டுனு குறைஞ்சுடும். அதுக்கு மேல வீடு கட்ட முடியாது, ஆழமா வேர் விடுற மரம் வைக்க முடியாது. ஏசி (மாறுதிசை) கரண்ட் போற கேபிள் நீளமா போனா கேபிளை சார்ஜ் பண்றதுக்கே கரண்ட் போய் கொண்டுபோற திறன் குறையும், செலவும் பல மடங்கு, பழுது வந்தா தோண்டி சரி பண்ண வாரக்கணக்காகும். அதனால முழு லைனையும் புதைங்கன்னு கேட்டா மறுத்துட்டுப் போயிடுவாங்க. ஸ்கூல் பக்கம், வீடுங்க நெருக்கமா இருக்கிற பக்கம் மட்டும் புதைங்கன்னு கேட்டா பேச இடம் இருக்கு.

கேள்வி: எதிர்த்தா வளர்ச்சிக்கு எதிரின்னு சொல்றாங்க...

பதில்: சொல்லட்டும். சோலார், காத்தாலை எல்லாம் ஒரு இடத்துல இருக்கு, கரண்ட் வேணுங்கிறவங்க வேற இடத்துல இருக்காங்க, லைன் வேணும்ங்கிறது உண்மை. ஆனா பாரத்தைச் சுமக்கிறவங்க கேள்வி கேக்குறது எப்படிங்க தப்பாகும்? மழைத் தூறல்ல லைன் சரசரன்னு இரைச்சல் போடுறது, கம்பி வேலியைத் தொட்டா சுள்ளுன்னு ஷாக் அடிக்கிறது, இதெல்லாம் ராத்திரி பகலா கூடவே இருக்கப்போறது உங்களுக்குத்தான். வேலிக்கு எர்த் போட்டுத் தர்றதை முதல்லயே எழுதி வாங்குங்க. அளவெடுத்தாச்சுன்னா நேரம் அதிகம் இல்ல, டவருக்குக் குழி தோண்டுறதுக்குள்ள வேற எந்தெந்த ரூட் பாத்தாங்க, அதையெல்லாம் ஏன் விட்டாங்கன்னு ஊரா சேந்து எழுத்துல கேளுங்க, பிளான் பேப்பர்ல மட்டும் இருக்கிற வரைக்கும் ஒரு டவரைத் தள்ளி வைக்கிறது சுலபம்.