வெப்சைட் முழுக்க லத்தீன் வரிகள்: பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்கிறோம். வெப்சைட் செய்பவர் காட்டிய பக்கங்களில் 'லோரம் இப்சம்' என்று ஏதோ பாஷை இருக்கிறது. "டிசைன் முடிந்தது, மேட்டர் தந்தால் ஒட்டிவிடலாம், பாக்கியைக் கொடுங்கள்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அது கி.மு. 45-இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய லத்தீன் நூலைச் சிதைத்து எடுத்த வரி. வலி என்று பொருள்படும் 'டோலோரெம்' என்ற சொல்லின் முன்னால் உள்ள 'டோ'வை வெட்டியதில்தான் 'லோரம்' வந்தது. அச்சுக்காரர்கள் இடம் நிரப்ப வைத்திருந்த சரக்கு. அதை வைத்துத் தமிழ்ப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. லத்தீனுக்குப் போட்ட ஃபான்டில் பெரும்பாலும் தமிழ் எழுத்தே இருக்காது. உங்கள் மேட்டரை ஒட்டியதும் போன் தன்னிடமுள்ள வேறு ஃபான்டை எடுத்துக்கொள்ளும். வரிக்கு வரி இடைவெளி போதாமல் 'கி', 'தீ' எழுத்துகளின் மேல்வளைவு வெட்டுப்படும். எழுத்தளவைப்போல் 1.6 மடங்காவது வரி உயரம் கேளுங்கள். 'பை நவ்' அடங்கிய பட்டனில் 'இப்போதே வாங்குங்கள்' இரண்டு வரியாக மடங்கும்.

முதல் மாதிரிக்கு மட்டும் நிரப்பு வரி இருக்கட்டும். அதுவும் தமிழில். திருக்குறளைப் போட்டுக் காட்டுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்: ஏழு சீரில் முடிந்துவிடும், உங்கள் கண்ணும் பொருளுக்குப் போய்விடும். உங்கள் கடை நோட்டீஸையே கொடுங்கள். உங்கள் பட்டியலில் ஆகக் குட்டிப் பெயரும் ஆக நீளப் பெயரும் அதில் வரவேண்டும்: 'ரப்பர் தேன்' ஒன்று, 'தேனில் ஊறிய பெரிய நெல்லிக்காய், அரை கிலோ' மற்றொன்று. இரண்டும் ஒரே அளவுக் கட்டத்தில் அடங்கினால் டிசைன் தேறியது. நோட்டீஸ் பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்ததென்றால், எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் லத்தீன் போய் ஆங்கிலக் கிறுக்கல் வரும்.

மேட்டர் ஏறிய பிறகு மிச்ச லோரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். முகப்பை யாரும் விடமாட்டார்கள். அடிப்பகுதி, பிரவுசர் டேபில் வரும் பெயர், லிங்கை வாட்ஸாப்பில் அனுப்பும்போது விழும் சிறு குறிப்பு, ஆர்டர் போட்டால் வரும் மெயில், இவற்றில்தான் மாட்டிக்கொள்ளும். பணம் திருப்பித் தரும் விதிமுறைப் பக்கத்தில் லோரம் கிடந்தால், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்துக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வரலாம். உணவு உரிம எண் 14 இலக்கம். அந்த இடத்தில் 1234 என்று டெம்ப்ளேட்டில் (ரெடிமேட் அச்சில்) வந்த எண் நின்றால் தொல்லை உங்களுக்குத்தான், செய்தவருக்கு இல்லை. வெப்சைட் செய்தது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் என்றால், வேலை நடக்கும்போது 'தேடுபொறிகள் வரவேண்டாம்' என்று போட்ட டிக்கை எடுத்தாரா என்றும் கேளுங்கள். அது கிடந்தால் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் கூகுளில் வரமாட்டீர்கள். பிறகு அதே ஆள் எஸ்இஓ, அதாவது கூகுளில் முன்னால் வரவைக்கும் வேலை, என்று தனிப் பணம் கேட்பார்.

இன்னொன்று. ரெடிமேட் டெம்ப்ளேட்டை மாதிரிப் படங்களோடு ஏற்றிவிட்டுத் தனி டிசைன் விலை வாங்கும் இடைத்தரகர்கள் உண்டு. லோரம் வரிகளோடு பிட்சா படமும் கிடந்தால் அதுதான் கதை. பணம் கைமாறிய பிறகு இதைக் கேட்டு அலைவது லேசல்ல. ஆகவே பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்தவரின் மெயிலில் இருந்தால் உங்கள் மெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். நிர்வாகி பாஸ்வேர்டு உங்களிடம் வந்து, நீங்களே உள்ளே நுழைந்து ஒரு பாட்டில் விலையை மாற்றிப் பார்த்து, அது கடைப்பக்கத்தில் மாறிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.