கேள்வி பதில்: ஐந்து நிமிடம், ஒரு மைக், சொந்தக் கதை

போன இதழில் நியூயார்க்கின் 'தி மோத்' கதை இரவுகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். சாதாரண ஜனங்கள் மேடையேறித் தங்களுக்கு நிஜமாக நடந்ததைச் சொல்லும் நிகழ்ச்சி என்று. அதையொட்டி வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தைப் பிடித்துக்கொண்டன. அரசியல், சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் வீட்டுக்கு நியூஜெர்சி வந்திருக்கிறேன். நியூயார்க்கில் 'ஸ்டோரி ஸ்லாம்' இருக்கிறது, போகலாம் வாம்மா என்கிறாள். அப்படி என்னதான் நடக்கும் அங்கே? எனக்குப் பொறுமை இருக்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: தாராளமாகப் போய்விட்டு வாருங்கள் டீச்சர். ஸ்டோரி ஸ்லாம் என்பது மோத் நடத்தும் கதைப் போட்டி. அன்றைய இரவுக்கு ஒரு தலைப்பை முன்னாலேயே அறிவித்திருப்பார்கள். பணம், பொய், அக்கம்பக்கம் என்கிற மாதிரி யாருக்கும் பொருந்தக்கூடிய ஏதோ ஒன்று. டிக்கெட் வாங்கி வந்தவர்களில் கதை வைத்திருப்பவர்கள் பெயரை எழுதிப் பையில் போடுவார்கள், தொகுப்பாளர் ஒவ்வொரு பெயராக எடுக்க எடுக்க அந்த ஆள் எழுந்து மைக்குக்கு வரவேண்டும், மொத்தம் பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். கையில் காகிதம் கூடாது. ஐந்து நிமிடம் முடிந்ததும் ஒரு ஒலி, ஆறாவது நிமிடத்தில் இன்னொன்று, அதற்கு மேலும் இழுத்தால் மார்க்கில் கைவைத்துவிடுவார்கள். மார்க் போடுகிறவர்கள் நிபுணர்கள் எல்லாம் இல்லை. கூட்டத்திலிருந்தே மூன்று அணிகளைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள், பத்துக்கு எட்டரை, ஒன்பது புள்ளி இரண்டு என்று அவர்கள்தான் தீர்ப்பு சொல்வார்கள். இப்படி ஜெயித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்ததும் அவர்களுக்குள் 'கிராண்ட் ஸ்லாம்'.

எனக்கு இதில் பிடித்தது இடையில் நடக்கிற சமாச்சாரம். உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள், அதில் தலைப்பையொட்டி ஒரு கேள்வி இருக்கும், பெயர் போடாமல் ஓரிரு வரி எழுதித் தந்தால் போதும். நடுவர்கள் மார்க் கூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொகுப்பாளர் அவற்றை வாசிப்பார். மேடையே ஏறாமல் நீங்கள் எழுதிய வரிக்கு அரங்கமே சிரிக்கும். அப்புறம், பையில் பெயர் போட்டும் குலுக்கலில் வராதவர்களைக் கடைசியில் கூப்பிட்டுத் தங்கள் கதையின் முதல் வரியை மட்டும் சொல்லச் சொல்கிற வழக்கம் உண்டு. முழுசாகச் சொல்லப்பட்ட கதைகள் பலவற்றைவிட அந்த முதல் வரிகள் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஆள் மாறுவதால் பொறுமைக்குப் பெரிய வேலை இல்லை. சீட்டில் எழுத ஒரு வரி யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதை ஆரம்பித்தது யார்? மோத் என்று ஏன் பெயர்?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: ஜார்ஜ் டாஸ் கிரீன் என்கிற நாவலாசிரியர். ஜார்ஜியா மாநிலத்துக் கடலோரத்தில் செயின்ட் சைமன்ஸ் என்றொரு தீவு. அங்கே ஒரு தோழி வீட்டுத் தாழ்வாரத்தில் ராத்திரி நெடுநேரம் நண்பர்கள் உட்கார்ந்து கதை பேசுவார்களாம், தாழ்வாரத்து வலையில் இருந்த ஓட்டை வழியாக விட்டில்கள் உள்ளே புகுந்து விளக்கைச் சுற்றுமாம். நியூயார்க்கில் இருந்தபோது அந்தப் பேச்சுக்கு ஏங்கி 1997-இல் தன் வீட்டு ஹாலிலேயே முதல் கூட்டத்தைப் போட்டார், மோத் என்றால் விட்டில், பெயரும் அதனிடமிருந்தே வந்துவிட்டது. 2008-இல் பாட்காஸ்ட், 2009-இல் வானொலி நிகழ்ச்சி, அதற்கு வானொலி, தொலைக்காட்சிப் படைப்புகளுக்குத் தரும் பீபடி விருது 2010-க்கு என்று வளர்ந்து, இப்போது லண்டன், சிட்னி, மெல்பர்ன் வரை ஸ்லாம் நடக்கிறது. பார்வையாளரே மார்க் போடும் முறை மட்டும் இவர்கள் சரக்கு இல்லை. 1980-களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்கிற கட்டடத் தொழிலாளி கவிஞர் மதுக்கூடங்களில் நடத்திய கவிதை ஸ்லாமிலிருந்து வந்தது. கவிதை வாசிப்பு தூக்கம் வரவழைக்கிறது என்கிற கடுப்பில் பிறந்த யோசனை. நம் ஊர்க் கவியரங்கங்களுக்குப் போய்வந்தவர்கள் அந்த மனிதரின் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: மேடையில் சொல்வதெல்லாம் நிஜம்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கொஞ்சம் மசாலா சேர்க்காமல் யாராவது கதை சொல்வார்களா?
(வழக்கறிஞர், சேலம்)

பதில்: மோத்தின் விதி, சொல்கிறவர் நினைவில் உள்ளபடி உண்மையாக இருக்கவேண்டும் என்பது. நினைவில் உள்ளபடி என்ற அந்த வார்த்தையைப் பார்த்ததுமே உங்கள் வக்கீல் மூளை வேலை செய்திருக்கும். ஸ்லாம் மேடையில் யாரும் வந்து சாட்சி விசாரிப்பதில்லை, வாசலில் பெயர் கொடுக்கிறவரை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

இந்த நம்பிக்கை உடைந்தால் எப்படி வலிக்கும் என்பதற்கு ஹசன் மின்ஹாஜ் விவகாரம் இருக்கிறது. அவர் இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர். பள்ளி நடன விருந்துக்கு ஜோடியாகக் கூட்டிப்போக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றதாகவும், அவள் வீட்டார் இவன் நிறத்துக்காக வேறு பையனை ஏற்பாடு செய்துவிட்டதை அந்த வாசலில்தான் தெரிந்துகொண்டதாகவும் சொன்ன கதை அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. 2023 செப்டம்பரில் நியூயார்க்கர் இதழ் அவருடைய கதைகளைக் குடைந்தது. அந்தப் பெண் சில நாள் முன்பே மறுத்துவிட்டாள், வாசலில் அப்படி நடக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். உணர்வளவில் எல்லாம் உண்மை என்பது அவர் வாதம். நிறத்துக்காக ஒதுக்கப்பட்டது நிஜம்தான், கட்டுரை தன் தரப்பைச் சரியாகச் சொல்லவில்லை என்று அப்புறம் நீளமாக ஒரு வீடியோவும் போட்டார்.

என்னைக் கேட்டால், சட்டை நீலமா பச்சையா என்று மறந்துபோவதும், அரை மணி நேரப் பேச்சை நான்கு வாக்கியமாகச் சுருக்குவதும் குற்றமில்லை. ஆனால் கேட்கிறவன் எந்த இடத்தில் உருகுகிறானோ அந்த இடம் நடந்ததாக இருக்கவேண்டும். மின்ஹாஜ் கதையில் ஜனங்கள் உருகியது அந்த வாசலுக்காக. அதை இடம் மாற்றிவிட்டு உணர்வு நிஜம் என்றால் எப்படி? வெறும் நகைச்சுவை என்று சொல்லிச் செய்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்கப் போவதில்லை.

கேள்வி: ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷமாக வங்கியில் கேஷியர், வீடு விட்டால் வேலை, வேலை விட்டால் வீடு. என் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றுமே நடக்கவில்லையே?
(வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: கேஷியராக இருந்துகொண்டு இதைச் சொல்கிறீர்களே ஐயா! முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது கேஷ் டேலி ஆகாமல் உதைத்திருக்கும் இல்லையா? அந்தச் சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஷட்டர் பாதி இறக்கியாயிற்று, ஐந்நூறு ரூபாய் குறைகிறது, கட்டுகளைப் பிரித்து விரலை நனைத்து நனைத்து மறுபடி எண்ணுகிறீர்கள், மேஜைக்கு அடியில், டிராயர் இடுக்கில் எல்லாம் பார்த்தாயிற்று. மேனேஜர் வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்கிறார். காலையில் பென்ஷன் வாங்கிப் போன பெரியவருக்குத் தாள் ஒட்டிக்கொண்டு ஒன்று கூடுதலாகப் போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். அவர் வீடு உங்களுக்குத் தெரியும். போய்க் கேட்டால் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், கேட்காவிட்டால் கைக்காசு போகும், மாசக் கடைசி வேறு. நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்குத் தெரியாது, நான் சும்மா கற்பனையாகச் சொல்கிறேன், ஆனால் இப்போது உங்களுக்கு வேறு ஒரு நாள் ஞாபகம் வந்திருக்கும். அதுதான் உங்கள் கதை.

பெரிய சம்பவம் வேண்டியதில்லை, அந்த நேரத்தில் உங்களுக்கு ஏதோ ஒன்று பறிபோகிற நிலை இருந்தால் போதும். பணமோ, மானமோ, பெரியவரோடு இருக்கிற பழக்கமோ. நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். பிறந்த ஊர், படித்த பள்ளி, வேலைக்குச் சேர்ந்த வருஷம் என்று ஆரம்பித்து மூன்று நிமிடத்தைத் தின்றுவிடுவார்கள், ஷட்டர் பாதி இறங்கியதிலிருந்து தொடங்கினால் அதெல்லாம் தேவையே இல்லை. இன்னொன்று முடிவு. "இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்னவென்றால்" என்று வாய் வரும், அதை அடக்குங்கள். பெரியவர் கதவைத் திறந்து என்ன சொன்னாரோ அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: குறிப்புச் சீட்டு வைத்துக்கொள்ளலாமா? மறந்துபோய்விட்டால்?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: கூடாது. முதல் வரியும் கடைசி வரியும் நெட்டுருவாக இருக்கட்டும், நடுவில் இருப்பது உங்களுக்கு நடந்ததுதானே, அது எங்கே மறக்கப்போகிறது.

கேள்வி: என் அண்ணன் போன வருஷம் தற்கொலை செய்துகொண்டான். அதைப் பற்றிப் பொதுவில் பேசினால் பாரம் குறையும் என்று ஒரு சிநேகிதி சொல்கிறாள். பேசலாமா?
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: தங்கையே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்போது வேண்டாம். இந்த மேடைக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு: தழும்பிலிருந்து சொல், புண்ணிலிருந்து சொல்லாதே. அனுபவப்பட்டுத்தான் சொல்கிறார்கள். ஆறாத ஒன்றை எடுத்துக்கொண்டு மேடையேறினால் முன்னால் இருக்கிற அத்தனை பேரும் கதையை விட்டுவிட்டு உங்களுக்கு என்ன ஆகுமோ என்று பயப்பட ஆரம்பிப்பார்கள், இறங்கியதும் நீங்கள் தனியாக வீட்டுக்குப் போகவேண்டும், அங்கே உங்கள் அம்மா இருப்பார். அந்தச் சாவு அவருடையதும்கூட, அவர் சம்மதம் இல்லாமல் அது வெளியே போகக்கூடாது.

ஆனால் பேசவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள், அண்ணனைத் தெரிந்த ஒருவரிடம் பேசுங்கள். சிநேகிதியையே கூட வரச்சொல்லுங்கள். தாங்க முடியாத ராத்திரி வந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். சில வருஷம் கழித்து அவனைப் பற்றிச் சொல்லத் தோன்றினால், அவன் செத்த நாளைவிட அவன் உங்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த மாதிரி ஒரு நாள் முதலில் வாய்க்கு வரலாம். அப்போது எழுதுங்கள்.

கேள்வி: என் மாமியாரிடம் அற்புதமான கதைகள் இருக்கின்றன. ஆனால் மைக்கைக் கண்டாலே எழுந்து போய்விடுவார். என்ன செய்வது?
(மருமகள், தஞ்சாவூர்)

பதில்: மேடையை மறந்துவிடுங்கள். டேவ் ஐசே என்பவர் 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையை வைத்தார், 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்று பெயர். ஒருவரை ஒருவர் அறிந்த இருவர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசலாம், ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல. அவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச்சேரும். கூட்டமும் கிடையாது, மார்க்கும் கிடையாது. மத்தியானம் கீரை ஆய்கிற நேரத்தில் போனை ஓரமாக வைத்து, பதிவு செய்கிறேன் அத்தை என்று சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்பது மாதிரி. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், "என்னத்தச் சொல்றது" என்று கீரையோடு எழுந்துவிடுவார்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் இப்படி ஒரு இரவு நடத்தலாம் என்று நாலு பேர் கிளம்பியிருக்கிறோம். முதல் முறை. என்ன கவனிக்கவேண்டும்?
(அசோசியேஷன் உறுப்பினர், வேளச்சேரி)

பதில்: முதலில் சிறப்பு விருந்தினரை ரத்து செய்யுங்கள். பொன்னாடை, நினைவுப்பரிசு, வரவேற்புரை, அறிமுக உரை எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு ஏற்றியே தீரவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் ஏற்றிவிட்டு உடனே முதல் கதைக்குப் போய்விடுங்கள். நாற்காலிகளை நெருக்கிப் போடுங்கள், நாற்பது பேருக்கு நூறு நாற்காலி போட்டால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எந்தக் கதையும் எடுபடாது. கார்ப்பார்க்கிங்கைவிட மொட்டைமாடி மேல், தண்ணீர் மோட்டார் சத்தம் கேட்காமல் இருந்தால்.

முழுக்கக் குலுக்கலை நம்பாதீர்கள். முதல் தடவை ஜாடிக்குள் பெயரே விழாது. ஐந்து பேரை முன்கூட்டியே பிடித்து, ஒவ்வொருவர் கதையையும் இரண்டு தடவை கேட்டு வெட்டிக்கொடுங்கள். மோத்திலும் ஸ்லாம் தவிர்த்த பெரிய மேடைக் கதைகளுக்கு இயக்குநர் என்று ஒருவர் கூடவே உட்கார்ந்து வேலை செய்வார், சும்மா வந்து கொட்டுவதில்லை. அந்த ஐந்து பேர் பேசி முடிப்பதற்குள் ஜாடியில் மூன்று நான்கு பெயராவது விழுந்திருக்கும். மணி அடிக்க ஒரு ஆள் வேண்டும், பெரியவர் சின்னவர் பார்க்காதவராக, கூடுமானவரை எட்டாம் வகுப்புப் பிள்ளை யாராவது. மார்க் வேண்டாம், அதே லிஃப்டில் நாளைக்கும் போகவேண்டியவர்கள் நீங்கள். முக்கியமாக, புகார்ப் பட்டியல் கதையாகாது என்பதை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் செப்டிக் டேங்க் விவகாரத்தில் செகரெட்டரி என்ன செய்தார் என்பதில்தான் அன்றைய இரவு முடியும்.

கேள்வி: நிகழ்ச்சியை வீடியோ எடுத்து யூடியூபில் போடலாமா?
(அதே வேளச்சேரிக்காரர், இரண்டாவது கடிதம்)

பதில்: முதல் இரண்டு மூன்று தடவை கேமராவே வேண்டாம், கேமராவைப் பார்த்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். பிறகு எடுத்தாலும் சொன்னவரிடம் அன்றைக்கே கேட்காதீர்கள், கைதட்டல் சூட்டில் சரி என்றுதான் சொல்வார். ஒரு வாரம் போகட்டும், வீட்டில் பேசிவிட்டு வந்து சொல்லட்டும். கதையில் வரும் மற்றவர்களுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். பிறகு மனசு மாறி நீக்கிவிடுங்கள் என்றால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.