சொல்லாம சொல்றதுக்குத் தமிழ்ல பேர் இருக்கா?

சப்டெக்ஸ்ட்னா என்ன, தமிழ்ல அதுக்கு வார்த்தை உண்டான்னு கேட்டிருக்கீங்க. இருக்கு, வெளிய ஒண்ணைச் சொல்லி உள்ளுக்குள்ள வேற ஒண்ணை உணர்த்துறதுக்கு உள்ளுறை, இறைச்சின்னு (கறி இல்ல!) தொல்காப்பியம் பொருளதிகாரத்துலயே பேர் வருது. ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு உரைக்காரங்க பெரிய சண்டையே போட்டிருக்காங்க, அது இங்க வேணாம்.

உதாரணத்துக்கு, குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. தலைவன் என்னைச் சேர்ந்தப்ப அங்க யாருமே இல்ல, அந்தத் திருடன் மட்டும்தான், அவனே பொய் சொன்னா நான் என்ன பண்றதுன்னு தலைவி கேக்குறா, அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, ஓடுற தண்ணில ஆரல் மீனுக்காக நின்ன ஒரு குருகும், அதாவது கொக்கும், இருந்துச்சுங்கறா. அதுக்குக் காலு தினைத்தாள் மாதிரியாம்! இருந்த ஒரே சாட்சியும் வாய் பேசாது, அதோட கண்ணும் மீன் மேலதான். அவனும் அப்படித்தானோங்கற பயத்தை அவ வாயால சொல்லவே இல்ல, கொக்கைக் காட்டிட்டு நிறுத்திடுறா.

வீட்டுப் பேச்சுலயும் இதேதான். பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்டுட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு சொன்னா, யாரும் போஸ்ட்மேனுக்காகக் காத்திருக்க மாட்டாங்க, தரகருக்கு அன்னைக்கே போன் போயிடும்.